அழகுத்தாய்க்கு இன்னும் மூன்று பூச்சு

இராஜபாளையம்
9.3.2025

அன்பு மகள் பாண்டிசெல்விக்கு அப்பா தனுஷ்கோடி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு நலம். ‘உயிரோடு’ என்று தனியாகப் போட்டிருக்கிறேன், கவனித்திருப்பாய். இந்தத் தெருவில் இப்போது அதைச் சொல்லித்தான் நம்ப வைக்க வேண்டியிருக்கிறது. பரோடாவில் உனக்குச் சாப்பாடு, தண்ணீர், வெயில் எல்லாம் எப்படி என்று எழுதவும்.

போன் இருக்கும்போது இவர் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே போன். ஸ்பீக்கரில் போடாமல் பேசினால் எனக்குக் கேட்காது. முப்பத்து நாலு வருஷம் நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்த காது இது. ஸ்பீக்கரில் போட்டாலோ, உன் அம்மா அடுப்படியில் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நின்று கேட்கிறாள். ஆகையால் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திய என் கையெழுத்தை நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் உன் அம்மா உன்னைப் போனில் கூப்பிட்டு, “என்னையப் பொணமா வரைஞ்சு வச்சிட்டுப் போயிருக்கியே, நீ எனக்குப் பொறந்தவதானா?” என்று கேட்டதும், நீ “பிடிக்கலன்னா கிழிச்சுப் போடு, இனி ஒன்னைய வரையவே மாட்டேன்” என்று வைத்துவிட்டதும் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தப்பு முழுக்க என்னுடையது. நான் தப்புச் செய்வது உனக்குப் புதிதல்ல என்றாலும், இது கொஞ்சம் பெரிய அளவு.

பொங்கலுக்கு வந்தவள் எட்டு நாள் உன் அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நிறத்திலேயே முகம், கழுத்து, தோடு வரைக்கும் வரைந்து முடித்தாய். “இது முதப் பூச்சும்மா. இப்போதைக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுந்தான். நல்லாக் காயட்டும். பொறவு வந்து கலரை ஒவ்வொரு பூச்சா மேல போடுதேன்” என்று அவளிடம் சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். உங்கள் ஓவியக் கல்லூரிப் பாடத்தில் இதற்குச் ‘செத்த பூச்சு’ என்று பெயர் என்பதையும் சேர்த்துச் சொன்னாய் பார், அங்கேயே அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. என்னிடம், “இருட்டுல வச்சா எண்ணெய் மஞ்சளாப் போயிரும். வெளிச்சமும் காத்தும் வாற இடத்துல மாட்டுங்க, ஆனா நேர் வெயில் கூடாது” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாய்.

நான் சொன்னதைச் செய்கிறவன். மில்லிலும் அப்படித்தான் பேர் வாங்கினேன். வெளிச்சமும் காற்றும் வந்து, நேர் வெயில் படாத இடம் நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: ஹாலின் மேற்குச் சுவர். அங்கே காலியாக ஓர் ஆணியும் இருந்தது. என் அப்பா படத்துக்கும் என் அம்மா படத்துக்கும் நடுவில். மாட்டினேன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மாலை போட்ட படங்கள், கீழே எப்போதும் எரியும் சிவப்பு பல்பு. நடுவில் சாம்பல் நிறத்தில், நெற்றியில் பொட்டுக்கூட இல்லாமல் உன் அம்மா. படம் நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேனே தவிர, வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் கருத்தம்மா பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று உன் அம்மா பத்து நாள் அங்கே போய்விட்டாள். அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்த படத்தை அவள் போன அன்றைக்குத்தான் நான் ஆணியில் மாட்டியது. அவள் இல்லாத வீட்டில் நான் சவரம் செய்யவில்லை. ஓட்டல் இட்லியும் துண்டுமாகத் திரிந்தேன். ஒன்றாம் தேதி காலையில் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் ஒரு சத்தம். என்னவோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தேன். செட்டியார்பட்டி முத்தாத்தாள், உன் அம்மாவுக்குச் சின்னம்மா, படத்துக்குக் கீழே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈரத் துண்டும் பத்து நாள் தாடியுமாக என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. “மாப்ள, ஒரு வார்த்த சொல்லி விடலியே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அத்த, அழகு உசுரோட இருக்கா” என்றேன். “இருப்பாய்யா. ஒங்க மனசுல என்னைக்கும் இருப்பா” என்றார்கள். “இது செல்வி வரைஞ்ச படம்” என்றேன். “பெத்த தாயி மொகத்த மறக்கக் கூடாதுன்னு வரைஞ்சிருக்கா பிள்ள” என்று இன்னும் பெரிதாக அழுதார்கள். நான் எதைச் சொன்னாலும் அது அழுகைக்கே உதவியது. கடைசியில் உன் அம்மாவையே பேச வைக்கலாம் என்று போன் போட்டால், பெரியம்மா வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பெலிக்ஸ் சார் வந்தார். சர்ச் கமிட்டியில் துக்க வீடுகளுக்கு நாற்காலி அனுப்பும் பொறுப்பு அவருடையது என்பது உனக்குத் தெரியும். நல்ல மனுஷர். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டு நோகடிக்கக் கூடாதாம். அரை மணி நேரத்தில் வாசலில் நாற்பது நாற்காலி. முத்தாத்தாள் அத்தை செட்டியார்பட்டிக்குச் சொல்லி, செட்டியார்பட்டி சத்திரப்பட்டிக்குச் சொல்லி, மூன்று மணிக்கெல்லாம் ரோஜா மாலையோடு ஆட்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய் அவள் சாகவில்லை என்று சொன்னேன். ஒவ்வொருவரும் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஒருத்தர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். நாலு மணிவாக்கில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் உன் அம்மா பால்கோவாவும் ஒரு பை கத்தரிக்காயுமாக மினி பஸ்ஸில் வந்து தெருமுனையில் இறங்கினாள். வாசலில் நாற்காலியும் கூட்டமும் பார்த்தாள். வீட்டில் இருந்தவன் நான் ஒருத்தன். அவள் வேறென்ன நினைப்பாள்? பையை அங்கேயே போட்டுவிட்டு, “அய்யோ, ஒத்தையில விட்டுட்டுப் போனேனே, வேளைக்கு மாத்திர தின்னாரோ என்னவோ” என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் வாசலுக்கு வந்தேன். அவள் என்னைப் பார்த்து நின்றாள். அவளைப் பார்த்து முத்தாத்தாள் அத்தை மயங்கி விழுந்தார்கள். பெலிக்ஸ் சார் மட்டும் ஒரு நாற்காலியை எடுத்து உன் அம்மாவுக்குப் போட்டார்.

செல்வி, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் எனக்காக அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு நிமிஷம்தான் இருக்கும். அதற்காக இன்னொரு தடவை செத்தாலும் பரவாயில்லை போல இருந்தது. அடுத்த நிமிஷம் அவள் ஹாலுக்குள் போய், ஆறு ரோஜா மாலையோடு தன் படத்தைப் பார்த்துவிட்டாள். மீதி உனக்குப் போனில் வந்தது.

இப்போது படம் கட்டிலுக்கு அடியில், சாக்குச் சுற்றி, சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. அவள் ரேஷன் கடைக்குப் போகும்போதெல்லாம் கைக்குழந்தைக்கு இளவெயில் காட்டுவதுபோல எடுத்து வெளிச்சம் காட்டி வைக்கிறேன். ஜூனில் உன் தேர்வுக்கு ஐந்து படம் வைக்க வேண்டும், நாலு முடிந்துவிட்டது, ஐந்தாவது இதுதான் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உன் அம்மா, “இனி அவ முன்னால உக்கார மாட்டேன்” என்கிறாள். நீ வரைய மாட்டேன் என்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒன்பது நாள் ஆகிறது. எனக்கு வேண்டியது படமல்ல. நீ ஒரு தடவை போன் செய்து, அந்த ஆணியில் மாட்டிய முட்டாள் உன் புருஷன்தான் என்று அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். “பிள்ளைய விட்டுக்குடுக்காமப் பேசுதீக” என்கிறாள்.

பதிலைப் பெலிக்ஸ் சார் விலாசத்துக்குப் போடவும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் அப்பா
தனுஷ்கோடி

*

இராஜபாளையம்
27.3.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் பெலிக்ஸ் சார் கையால் வந்து சேர்ந்தது. அவர் வீட்டு மொட்டை மாடியில் வைத்து மூன்று தடவை படித்தேன். நீ சிரித்துச் சிரித்து எழுதியிருப்பது தெரிந்தது, சந்தோஷம். அம்மாவுக்குப் போன் செய்யச் சொன்னதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. “படத்தைப் பற்றி அவங்க கேட்டா, சொல்லித் தர்றேன்” என்று எழுதியிருக்கிறாய். அவள் கேட்க மாட்டாள், நீ சொல்ல மாட்டாய். இந்தப் பிடிவாதம் எந்தப் பக்கத்துச் சொத்து என்று உன் அம்மாவைக் கேட்டால் என் பக்கம் என்பாள். நான் எந்தக் காலத்தில் எதில் பிடிவாதமாக நின்று ஜெயித்தேன், நீயே சொல்.

பூச்சு வேலையின் சட்டத்தை நீ விளக்கி எழுதியது எனக்கு நன்றாகப் புரிந்தது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிப் போட்டால் மேல் பூச்சு முதலில் காய்ந்து, அடிப்பூச்சு பிறகு அசைந்து, படம் வெடித்துவிடும். சாம்பல் பூச்சுதான் ஆதாரம். அதற்கு மேல் சிவப்போ மஞ்சளோ கண்ணாடி மாதிரி மெல்லிசாக இழுத்தால், அடியில் இருக்கும் வெளிச்சம் அதன் வழியாக வந்து தோலில் ரத்தம் ஓடுவதுபோலத் தெரியும். கலரை நேராக அப்பினால் அந்த உயிர் வராது. சரிதானே? மில்லில் நூல் சுற்றும் கதிருக்குத் தண்ணீர் மாதிரி எண்ணெய், கியருக்குக் கெட்டி கிரீஸ். மாற்றிப் போட்டவனை மேஸ்திரி விட மாட்டார். இரண்டும் ஒரே நியாயம்தான்.

நன்றாகப் புரிந்ததுதான் வினையாகப் போனது.

நீ விட்டுப்போன டியூப்கள் பரணில் இருந்தன. ஆளிவிதை எண்ணெய்ப் பாட்டிலும் டர்பன்டைனும் இருந்தன. எத்தனை வருஷம் மெஷின் மூடிகளுக்கு ரெட் ஆக்ஸைடு அடித்து, அதற்கு மேல் இரண்டு கோட் பச்சை அடித்த கை இது. உன் அம்மா வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போன நேரத்தில், ஒரு இடத்திலாவது நிறம் வந்துவிட்டால் அவள் கோபம் பாதி குறையும் என்று கணக்குப் போட்டேன். முகத்தில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. காது என்றால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வலது காதில் ஆரம்பித்தேன்.

மேல் பூச்சில் எண்ணெய் கூட வேண்டும் என்றுதானே எழுதியிருந்தாய். எவ்வளவு கூட என்று எழுதவில்லை. நான் தாராளமாக விட்டேன். சிவப்பு காதில் நிற்காமல் கழுத்து வழியாக இறங்கி, ரவிக்கை ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. அதுவரை செத்தவள் மாதிரி இருந்தவள், இப்போது காதைக் கடித்துக் கொல்லப்பட்டவள் மாதிரி ஆகிவிட்டாள். பதறிப்போய்த் துணியில் டர்பன்டைனை நனைத்துத் துடைத்தேன். கழுத்து பிழைத்தது, உன் சாம்பல் பூச்சு கெட்டியாகத்தான் காய்ந்திருக்கிறது. பதற்றத்தில் காதை மட்டும் அதிகமாகத் தேய்த்துவிட்டேன் போல. காதும், அதிலிருந்த ஏழு கல் தோடும் துணியோடு வந்துவிட்டன. கீழே, வரையும் முன் நீ துணிக்கு அடித்த காவி நிறம் தெரிகிறது. ஒரு விரல் அகலம்தான். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் அதையும் பெலிக்ஸ் சார் விலாசத்துக்கே போடு.

நான் துடைத்து முடிக்கும் முன்பே அவள் துளசிப் பிரசாதத்தோடு வந்துவிட்டாள். வீடு முழுக்க டர்பன்டைன் வாடை. கையில் சிவப்பு, துணியில் சிவப்பு, மடியில் படம். இன்றைக்கு இவளும் போய் அந்தப் படமும் போய் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, குனிந்து, செத்த நேரம் பார்த்தாள்.

“வலது காதுத் தோடு எங்க?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள், செல்வி. தோட்டைத் தொலைத்த வேலைக்காரனைக் கேட்பதுபோலக் கேட்டாள். நான் துணியைக் காட்டினேன். அவள் துணியை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து படத்தை வாங்கி, சாக்கைச் சுற்றாமல், கட்டிலுக்கு மேலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு எனக்குக் குழம்பில் உப்பு இல்லை. மற்றபடி தண்டனை எதுவும் இல்லை.

உன் படத்தை அவள் வெறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் எழுத முடியும். அவள் மனசை முழுக்கத் தெரிந்தவன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்குத்தான் அவள் பயப்படுகிறாள். ஹாலில் அன்றைக்கு எல்லாரும் அழுததை அவள் பார்த்துவிட்டாள். யார் அழுதார்கள், யார் சும்மா கண்ணைத் துடைத்தார்கள் என்றுகூட ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அதில் நீ இல்லை. அதைத்தான் அவள் போனில் வேறு மாதிரி கத்திவிட்டாளோ என்னவோ.

நீ போன் செய். வேறொன்றும் பேச வேண்டாம். ‘அப்பா காதைக் கெடுத்துட்டாராமே’ என்று ஆரம்பி. என்னைத் திட்டுவதில் நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒற்றுமை.

இப்படிக்கு,
காதுக்கு மன்னிப்பு வேண்டும்
உன் அப்பா

*

இராஜபாளையம்
12.4.2025

அன்பு மகளுக்கு அப்பா தனுஷ்கோடி ஆசீர்வாதம். பங்குனி முடியப் போகிறது, வெயில் கொளுத்துகிறது. பெலிக்ஸ் சாருக்கு மூட்டுவலி. ஆனாலும் நீ கேட்டதாகச் சொன்னதும் எழுந்து நடந்து காட்டினார்.

நீ போன் செய்யவில்லை. இரண்டு வாரம் பொறுத்தேன். உன்னைக் குறை சொல்லி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதற்குள் இங்கே மூன்று காரியம் நடந்துவிட்டது. அதை எழுதினால் நான் குறை சொல்லத் தேவையிருக்காது.

முதல் காரியம். போன திங்கட்கிழமை காலையில் பார்த்தால் படத்தில் உன் அம்மா நெற்றியில் குங்குமம். நிஜக் குங்குமம். நான் வைக்கவில்லை, ஆண்டாள் மேல் சத்தியம். காய்ந்த பூச்சில் குங்குமம் ஒட்டாது என்று கண்டுபிடித்து, தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்திருக்கிறாள். விரல் ரேகைகூடத் தெரிகிறது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்று யோசித்துப் பார்: எண்ணெய் குறைந்த பூச்சுக்கு மேலே எண்ணெய் கூடின பூச்சு. உன் சட்டப்படி பார்த்தால் நான் செய்தது தப்பு, அவள் செய்தது சரி. தேங்காய் எண்ணெய் காயாதே என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். வந்து நீயே என்ன செய்ய வேண்டுமோ செய்.

இரண்டாவது. செவ்வாய்க்கிழமை முத்தாத்தாள் அத்தை வந்தார்கள். அன்றைக்கு நடந்ததற்கு வருத்தம் சொல்லச் சீடையும் முறுக்கும் கொண்டு வந்திருந்தார்கள். வருத்தம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு கட்டில் மேல் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார்கள். “ஏட்டி அழகு, இதையா இன்னும் வீட்டுல வச்சிருக்க? ஆகாது. கொண்டுபோயி கம்மாயில போடு. பிள்ளைக்கு வரையத் தெரியலன்னா விட்டுட்டு, இங்கன எதாவது வேலைக்கு வரச் சொல்லு” என்றார்கள்.

நான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். உன் அம்மா முறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“வரையத் தெரியலன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா, சின்னம்மா?” என்றாள். “இது முடிஞ்ச படம் இல்ல. இது அடிப்பூச்சு. இதுல கறுப்பும் வெள்ளையும் சரியா இருந்தாத்தான் மேல போடுத செவப்பு உசுரோட தெரியும். எடுத்த எடுப்புலயே கலர அப்புனா அது கடைக்குப் போட்ட போர்டு மாதிரி இருக்கும். இன்னும் மூணு பூச்சு இருக்கு. ஒவ்வொன்னும் காயணும். காயாம மேல போட்டா வெடிச்சிரும். எம்புட்டுப் பேரு பொறுமையில்லாம வெடிக்க விட்டுருக்காக தெரியுமா?”

அத்தை வாயில் வைத்த முறுக்கைக் கடிக்கவில்லை. “இம்புட்டும் ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்கள்.

“எட்டு நாளு மொகத்துக்கு நேரா உக்காந்து சொல்லிக்கிட்டேதான வரைஞ்சா” என்றாள் உன் அம்மா. “தலைய ஆட்டக் கூடாது, பேசக் கூடாதுன்னு சொல்லிட்டா. கேட்காம நான் வேற என்ன செய்ய?”

நீ பேசியதெல்லாம் சுவரோடு போனது என்று நினைத்திருப்பாய். ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறாள். என் கடுதாசிகளில் நான் ஏதோ புதிதாகப் புரிந்துகொண்டவன் மாதிரி உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்; அதே சங்கதியை அவள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். அத்தை போகும்போது, “அப்ப கலர் போடும்போது எந்தச் சேல?” என்று கேட்டார்கள். “அரக்கு” என்றாள். யோசிக்கவே இல்லை. சேலையை எடுத்து நிழலில் உலர்த்தி, மடித்து வைத்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது காரியத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புதன்கிழமையிலிருந்து காலை பத்து மணிக்கு அவள் அந்த மர நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருகிறாள். அரிசியில் கல் பொறுக்க வெளிச்சம் வேண்டுமாம். நாம் வாங்குவது கல் இல்லாத பாக்கெட் அரிசி. நான் அதைச் சொல்லவில்லை. தை மாதம் தெற்கு ஜன்னல் வெயில் ஹாலுக்குள் வந்து விழும். இப்போது சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டதால் ஜன்னலோரத்தோடு நின்றுவிடுகிறது. அவள் நாற்காலியையும் அதற்கேற்பத் தள்ளித் தள்ளி, இன்றைக்குச் சுவரை ஒட்டியே போட்டுவிட்டாள். முகத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, தாடையைத் தூக்கி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. கை மட்டும் அரிசியில் இருக்கும். பதினொன்று அடித்ததும் எழுந்து போய்ச் சோறு வைக்கிறாள்.

நேற்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று பூச்சு, ஒரு பூச்சு காய இரண்டு வாரம், ஆக ஆறு வாரம். செல்விக்கு இந்தக் கடைசிப் பருவத்தில் வகுப்பு கிடையாதாம், படம் மட்டும்தானாம். எங்கே இருந்து வரைந்தாலும் ஒன்றுதானாம். வந்தால் நடுவில் திரும்பிப் போக முடியாது, ஆறு வாரமும் இங்கேயே இருக்க வேண்டியதாகிவிடும், உனக்குத் தொந்தரவாக இருக்குமே, அழகு என்றேன்.

அவள் முறத்தைப் புடைத்துக்கொண்டே, “ஆறு வாரம்னு நீங்க எப்படிச் சொல்லுதீக? காத்துல ஈரம் இருந்தா எட்டு வாரங்கூட ஆகும்னு அவ சொன்னா. அவசரப்படுத்தக் கூடாது” என்றாள்.

சித்திரையில் இராஜபாளையத்துக் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது? அதையும் நான் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷத்து மில் வேலையில் கற்காததை இந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன்: எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று.

நீ முதலில் போன் செய்ய வேண்டாம். அவளும் செய்ய மாட்டாள். காதைச் சரிசெய்ய அப்பா கெஞ்சிக் கூப்பிட்டார், வேறு வழியில்லாமல் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வா. அவளும், அவர் கெடுத்ததற்கு நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொண்டு அரக்குச் சேலை கட்டிக்கொள்வாள். பழி என் மேல் இருக்கட்டும். எந்த மெஷின் நின்றாலும் ஃபிட்டரைத்தான் கேட்பார்கள். சென்னையில் பொதிகை ரயிலைப் பிடித்தால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், சவரம் செய்துகொண்டு வருகிறேன்.

நீ நல்ல சுகத்தோடும், கைக்கு வலி இல்லாமலும், நினைத்ததை நினைத்தபடி வரைந்து முடிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் உனக்குத் துணை இருக்க வேண்டும். சீக்கிரம் வா, தாயி. வந்த பிறகு எல்லாம் மெதுவாகவே காயட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனுஷ்கோடி